துபாஷி மகளும் மூன்று நீளச் சொற்களும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கப்பல்களுக்கெல்லாம் காற்றே எஜமானனாக இருந்த நாளில், சங்குமுனை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பெரிய ராஜ்யம் இல்லை. காலையில் ஒரு மூலையில் புறப்பட்ட மாட்டுவண்டி பொழுது சாய்வதற்குள் மறு மூலையைத் தொட்டுவிடும். ஆனால் அதற்கு நல்ல துறைமுகம் ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குக் காவலாகக் கல்கோட்டை ஒன்று இருந்தது. கோட்டையில் வீரகேது என்ற ராஜா இருந்தார்.

மிளகுக்கும் துணிக்கும் சங்குக்கும் ஆசைப்பட்டுத் தூர தேசத்துக் கப்பல்கள் அங்கே வரும். வருகிறவர்கள் பேசுவது இங்கிலீஷ். ராஜா பேசுவது தமிழ். இரண்டுக்கும் நடுவில் நின்று, அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் சொல்வதற்கு ஒருவர் வேண்டுமே. அவரைத்தான் துபாஷி என்பார்கள். சங்குமுனையின் துபாஷி பெயர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் நல்ல மனுஷர். யார் சோற்றிலும் மண் போட நினைக்காதவர். ஆனால் அவரிடம் ஒரே ஒரு குறை. 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. சபை நடுவில் சரிகைத் தலைப்பாகையோடு நிற்கிறவர், தெரியாது என்று எப்படிச் சொல்வார்? வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாத நீளச் சொல் ஏதாவது வந்தால், அதற்குள் தெரிந்த சின்னச் சொல் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பிழைத்துப் போகும்.

அவர் மனைவி மரகதம். ஒரே மகள் தையல்நாயகி. தையல் துறைமுகத்திலேயே வளர்ந்த பெண். கட்டுமரம் தள்ளுவாள், துடுப்புப் போடுவாள். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்துக்கொண்டவள். மாலுமிகளிடம் வாய் கொடுத்துப் பேச்சையும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் சங்குமுனைக்குக் கெட்ட காலம் வந்தது. வியாபாரக் கப்பல் போல வந்த கடற்கொள்ளைக்காரர்கள் மீனவர் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். கரிந்த பனையோலை வாசனை போவதற்குள் ராஜா துறைமுக வாயிலில் இரும்புச் சங்கிலி கட்டினார். "இனிமேல் ஆயுதத்தோடு வருகிற ஒருத்தனும் என் மண்ணை மிதிக்கக் கூடாது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பார்னபியின் கப்பல் வந்தது.

பார்னபி இங்கிலீஷ் தேசத்து மந்திரவாதி. அவனுடைய மந்திரமெல்லாம் சொல்லில்தான் இருந்தது. இருப்பதை இல்லாமல் ஆக்குகிற சொற்கள் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மந்திரத்துக்கு ஒரு விதி உண்டு. அவனுடைய சொந்த ரத்தத்தின் மீது அது பலிக்காது. கப்பலில் அவனுடைய சின்ன மகள் காய்ச்சலில் கிடந்தாள். குடிக்கிற தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. ஊரார் காய்ச்சலை எல்லாம் ஒரு சொல்லில் விரட்டக்கூடியவன், தன் குழந்தையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

சங்குமுனை கண்ணில் பட்டதும் கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு சிறு படகில் தனியாகச் சங்கிலி வரைக்கும் வந்தான். கோட்டைச் சுவர் மேல் ராஜா நின்றார். பக்கத்தில் ஏகாம்பரம் நின்றார். கீழே ஊர் ஜனம் கூடி நின்றது. அதில் தையலும் இருந்தாள்.

பார்னபி படகில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டிக் கத்தினான். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. பாதிச் சொற்கள் கரைக்கு வந்து சேரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"டிஃபென்ஸ்லெஸ்னெஸ். டிஃபென்ஸ்லெஸ்னெஸ். டிஃபென்ஸ்லெஸ்னெஸ்."

"என்ன சொல்கிறான், ஏகாம்பரம்?" என்றார் ராஜா.

ஏகாம்பரத்துக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அதற்குள் 'டிஃபென்ஸ்' இருந்தது. கோட்டை, காவல், படை பற்றிப் பேசும்போது கப்பல் தலைவர்கள் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மந்திரி பார்க்கிறார், தளபதி பார்க்கிறார், ராஜா பார்க்கிறார். ஏகாம்பரம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"படையைப் பற்றிச் சொல்கிறான், மகாராஜா. படையோடு வந்திருக்கிறானாம்."

"கையை இவ்வளவு விரித்துக் காட்டுகிறானே. அவ்வளவு பெரிய படையா?"

ஏகாம்பரம் மறுபடியும் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார். ராஜா கையை அசைத்தார். சுவரிலிருந்து அம்புகள் பறந்து படகைச் சுற்றித் தண்ணீரில் விழுந்தன. பார்னபி கொஞ்ச நேரம் விரித்த கைகளோடு அப்படியே நின்றான். பிறகு உட்கார்ந்து படகைத் திருப்பிக்கொண்டு போனான்.

கப்பல் மட்டும் போகவில்லை. அடிவானத்தில் கறுப்பாக நின்றது. கப்பல் அசையவில்லை, பாய் அசையவில்லை, அதில் நின்றவனும் அசையவில்லை.

அந்தக் குழந்தை இறந்துபோயிற்று.

கப்பலில் இருந்த மாலுமிகள் பயந்து, இருந்த படகுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டு வேறு கரை தேடிப் போனார்கள். பார்னபி தனியாக நின்றான். சங்குமுனையைப் பார்த்துச் சொன்னான்: "என்னிடம் என்ன இல்லையோ, அது உங்களிடமும் இல்லாமல் போகட்டும். உங்கள் மண்ணை மிதித்து நிற்கிற எல்லாருக்கும் இது." அப்புறம் ஒரு நீளச் சொல்லைச் சொன்னான். அது தண்ணீரின் மேல் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்து கரை ஏறியது.

"ஸ்லீப்லெஸ்னெஸ்."

அன்றிலிருந்து சங்குமுனையில் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்றார்கள், இன்னும் கொஞ்சம் பேசலாம் என்றார்கள். போகப் போக வேடிக்கை போயிற்று. தொட்டிலில் குழந்தைகள் விழித்த கண்ணோடு கிடந்தன. தாலாட்டுப் பாடிய தாய்மார்கள் நடுவிலேயே நிறுத்தினார்கள். தச்சன் உளியை மரத்தில் வைப்பதாக நினைத்துக் கட்டைவிரலில் வைத்தான். கிழவர்களும் நோயாளிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

தளபதி பதினாறு படகுகளில் வாளும் வேலும் ஏற்றிக்கொண்டு கப்பலைப் பிடிக்கப் போனார். கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் கடல் மதில் மாதிரி எழுந்து நின்றது. படகுகளை அப்படியே தூக்கிக் கரையில் போட்டது.

கப்பல் அசையவில்லை, பாய் அசையவில்லை, அதில் நின்றவனும் அசையவில்லை. பிறகு இரண்டாவது சொல் வந்தது.

"டியர்லெஸ்னெஸ்."

அன்றிலிருந்து யாருக்கும் கண்ணீர் வரவில்லை. செத்தவர்களுக்காக அழ உட்கார்ந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சு அடைத்தது, தொண்டை வலித்தது, கண் மிளகாய் பட்டது போல எரிந்தது. ஒரு சொட்டு விழவில்லை. விழித்தே கிடக்கிற கண்ணுக்கு அழுகையும் இல்லை என்றால் அது எங்கே போகும்?

மந்திரி முத்துப் பெட்டிகளையும் பட்டுச் சுருள்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஆசை காட்டினால் இளகிவிடுவான் என்பது அவர் கணக்கு. கடல் மறுபடியும் மதிலாக எழுந்தது. பெட்டிகளும் மந்திரியும் மணலில் வந்து விழுந்தார்கள்.

துபாஷி வீட்டில் மரகதம் படுத்துவிட்டாள். ஏற்கெனவே இருதயம் பலவீனமானவள். தையல் பக்கத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டாள்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோ அம்மா. தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை."

"மூடினால் இன்னும் வெளிச்சமாக இருக்கிறதடி" என்றாள் மரகதம். "ஏன் அந்தக் கப்பல்காரனுக்கு இவ்வளவு கோபம்? நாம் அவனுக்கு என்ன செய்தோம்?"

கதவோரம் நின்றிருந்த ஏகாம்பரம் வெளியே போய்விட்டார்.

மரகதம் அடுத்த நாள் உச்சி வேளையில் இறந்தாள். வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. தகப்பனும் மகளும் காய்ந்த கண்ணோடு அவளைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

சாம்பலைக் கடலில் கரைக்கப் போன காலையில், தையல் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். விரலால் எழுத ஆரம்பித்தாள். மந்திரவாதி சொன்ன இரண்டு சொற்களையும், ஒன்றன் கீழ் ஒன்றாக.

"அப்பா, இங்கே பாருங்கள். தலை வேறு வேறு. வால் ஒன்றேதான். எல், ஈ, எஸ், எஸ், என், ஈ, எஸ், எஸ். இரண்டுக்கும் இதே எழுத்துகள்."

ஏகாம்பரம் பார்த்தார்.

"ஸ்லீப் என்றால் தூக்கம். ஆனால் தூக்கம் வரவில்லை, போய்விட்டது. டியர் என்றால் கண்ணீர். அதுவும் போய்விட்டது. அப்படியானால் இந்த வால்தான் எல்லாவற்றையும் தின்கிறது. நாம் இல்லாமை என்கிறோமே, அது. தூக்கமில்லாமை. கண்ணீரில்லாமை."

சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு சொல்லையும் எழுதினாள். கோட்டைச் சுவருக்குக் கீழே நின்று அவள் காதால் கேட்ட சொல். டிஃபென்ஸ்லெஸ்னெஸ். எழுதி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

ஏகாம்பரம் குனிந்து உள்ளங்கையால் அந்தச் சொல்லை அழித்தார்.

"அப்பா" என்றாள் தையல் மெதுவாக. "அவன் படையோடு வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை."

"இல்லை."

"படை இல்லை, ஆயுதம் இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் இல்லை என்று சொன்னான். அதற்குத்தான் கையை விரித்துக் காட்டினான்."

"ஆமாம், தையல்."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"முதல் சாபம் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தால் உன் அம்மா..." அவரால் அழவும் முடியவில்லை. மணலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "வா. ராஜாவிடம் போகலாம். இனிமேல் ஒரு பொழுதுகூட இதை நான் சுமக்க முடியாது."

இரண்டு பேரும் கோட்டைக்குப் போனார்கள். சபையில் எல்லார் கண்களும் சிவந்து குழி விழுந்து கிடந்தன. ஏகாம்பரம் நடுவில் போய் நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மகாராஜா, அன்றைக்கு நான்..."

அந்த நொடியில்தான் மூன்றாவது சொல் கடலைத் தாண்டி வந்தது. "ஸ்பீச்லெஸ்னெஸ்." அதைச் சொன்னதோடு மந்திரவாதியின் குரலும் நின்றுவிட்டது. சங்குமுனையில் எல்லார் குரலும் நின்றுவிட்டது.

ஏகாம்பரத்தின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ராஜாவின் வாய் அசைந்தது, மந்திரியின் வாய் அசைந்தது. சபை முழுக்க மீன்கள் வாய் திறப்பது போல இருந்தது. சொல்ல வேண்டிய நாளெல்லாம் சொல்லாமல் இருந்தவர், சொல்ல வந்த நேரத்தில் சொல்ல முடியாமல் நின்றார்.

தையல் யோசித்தாள். இனி இந்தக் கரையில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதோ இங்கே இல்லை, அங்கே, அந்தக் கப்பலில் இருக்கிறவனிடம். நீ கேட்டதை நாங்கள் மறுக்கவில்லை, நீ கேட்டது எங்களுக்குப் புரியவே இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது?

கரைக்கு வந்து ஒற்றை ஆள் ஏறுகிற கட்டுமரம் ஒன்றைத் தள்ளினாள். ஏகாம்பரம் ஓடி வந்து தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நான் போகிறேன் என்று அர்த்தம். தையல் தலையசைத்து மறுத்தாள். அவருக்குத் துடுப்புப் போடத் தெரியாது. அவர் தோளைப் பிடித்து மணலில் உட்கார வைத்தாள். அவன் எப்படி வந்தானோ அப்படியே நானும் போகிறேன் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். மீன் அறுக்கிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துக் கரையில் வைத்தாள். கழுத்தில் அம்மா கட்டிவிட்ட காப்புத் தாயத்தையும் அவிழ்த்து அப்பா கையில் கொடுத்தாள். ஏறிப் போனாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அலை தாண்டியதும் கடல் முன்னால் எழுந்தது. தளபதியைத் தூக்கி எறிந்த மதில், மந்திரியைத் தூக்கி எறிந்த மதில். பச்சையாக, பளபளவென்று, பனை உயரத்துக்கு நின்றது. அவளிடம் துடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஓங்கினால் ஆயுதம்தான். அதை விட்டுவிட்டால் அவளால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது.

விட்டுவிட்டாள். துடுப்பு மிதந்து போனது. இரண்டு கைகளையும் விரித்தாள்.

மதில் மெல்லத் தாழ்ந்தது. மாடு மண்டியிடுவது போலத் தாழ்ந்து, கட்டுமரத்தை முதுகில் வாங்கிக்கொண்டு கப்பலை நோக்கி நகர்த்தியது.

சங்குமுனை மண் பின்னால் போகப் போக, அவள் தொண்டையில் ஏதோ அவிழ்ந்தது. "அம்மா" என்றாள். சத்தம் வந்தது. அதோடு கண்ணீரும் வந்தது. அம்மா இறந்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் அந்தக் கட்டுமரத்தின் மேல் அழுதாள். அழுது ஓய்ந்தபோது தூக்கமும் வந்தது, இமையைக் கல் கட்டி இழுப்பது போல. தூங்கினால் நழுவிக் கடலில் விழுந்துவிடுவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பா சொன்ன தப்பையும் அவன் சொன்ன சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

நூலேணி ஒன்று தொங்கியது. ஏறினாள்.

மேல்தளத்தில் சிறிய கட்டில் ஒன்று இருந்தது. அதில் நீலத் துணி போர்த்திய குழந்தை. கெட்டுப் போகாமல், தூங்குவது போலவே இருந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்னபி நின்றான். தாடி வளர்ந்திருந்தது. கண்கள் சங்குமுனைக்காரர்களின் கண்களைப் போலவே சிவந்து காய்ந்திருந்தன. கப்பல் அசையவில்லை, பாய் அசையவில்லை, அவனும் அசையவில்லை.

அப்போதுதான் தையலுக்குப் புரிந்தது. அந்த மூன்று சொற்களையும் அவன் எங்கேயும் தேடி எடுக்கவில்லை. தூங்க முடியாதவன் அவன்தான். அழ முடியாதவன் அவன்தான். பேச முடியாதவனும் அவன்தான். தன்னிடம் இல்லாததையெல்லாம் ஊரிடமும் இல்லாமல் செய்திருக்கிறான்.

தெரிந்த இங்கிலீஷில், தட்டுத் தடுமாறித்தான் பேசினாள்.

"ஐயா, நீங்கள் அன்றைக்குச் சொன்ன சொல் டிஃபென்ஸ்லெஸ்னெஸ். கையில் வாள் இல்லை, பின்னால் ஆள் இல்லை, ஒதுங்க இடமில்லை என்று சொன்னீர்கள். எங்களுக்கு அது புரியவில்லை. அந்தச் சொல்லின் தலை மட்டும்தான் எங்கள் காதில் ஏறியது. வால் ஏறவில்லை. படையோடு வந்தவன் என்று நினைத்துத்தான் கதவை மூடினார்கள். உதவி கேட்டவன் என்று தெரிந்து யாரும் மூடவில்லை."

பார்னபி அவளையே பார்த்தான்.

"தப்பாகச் சொன்னவர் பெயர் ஏகாம்பரம். அவர் என் அப்பா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

காற்றே இல்லை. தையல் கட்டிலருகில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டாள்.

"இவள் பெயர் என்ன?"

அவன் உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. கடைசியில், துருப்பிடித்த கீல் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"நெல்லி."

அவன் அதைச் சொன்ன அதே நொடியில், கரையில் ஒரு குழந்தை தன் தாயைக் கூப்பிட்டது. தாய் பதில் சொன்னாள். சங்குமுனைக்குப் பேச்சு திரும்பியது.

"நெல்லி எங்கள் பாஷையில் ஒரு காயின் பெயர்" என்றாள் தையல். "கடித்தால் புளிக்கும். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தித்திக்கும். குழந்தைகளுக்கெல்லாம் பிடிக்கும்."

"ஒரு வாய் தண்ணீர்" என்றான் பார்னபி. "அதைத்தான் கேட்டாள்."

தையல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் ஊரில் யாராவது இறந்தார்களா?" என்று அவன் கேட்டான்.

"நிறையப் பேர். தூக்கமில்லாமல் போனவர்கள். என் அம்மாவும்."

"அவள் பெயர்?"

"மரகதம்."

அவன் சொல்லிப் பார்த்தான். அவன் வாயில் அது 'மரகடம்' என்று வந்தது. திரும்பச் சொன்னான். மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. கட்டிலின் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அவனுடைய கண்ணீர் நீலத் துணியில் விழுந்தபோது கரையில் ஊரே அழத் தொடங்கியது. புருஷனை இழந்தவளும் பிள்ளையை இழந்தவனும் இத்தனை நாள் சேர்த்து வைத்த அழுகையை அழுதார்கள். கோட்டையில் ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளுக்கு மனைவி கட்டிவிட்ட தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏகாம்பரம் மணலில் உட்கார்ந்து அழுதார்.

"வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்" என்றான் பார்னபி. "சாகட்டும் என்று நினைக்கவில்லை."

"என் அப்பாவும் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டார். யாரும் சாகட்டும் என்று நினைக்கவில்லை."

"என்னை மன்னிப்பாயா?"

தையல் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை, ஐயா. என் அப்பாவிடமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குழந்தையை எத்தனை நாள் கடலில் வைத்திருப்பீர்கள்? கரைக்குக் கொண்டு வாருங்கள்."

மாலுமிகள் விட்டுப்போன படகில் நெல்லியை எடுத்துக்கொண்டு இருவரும் கரைக்கு வந்தார்கள். சங்கிலியை ராஜாவே தன் கையால் அவிழ்த்துவிட்டார். யாரும் கல்லெறியவில்லை, திட்டவும் இல்லை. தந்தை கையில் குழந்தையைப் பார்த்ததும் ஜனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

ஏகாம்பரம் எல்லார் முன்னிலும் வந்து நின்றார். நடந்ததை நடந்தபடி சொன்னார். தையல் ஒரு பக்கம் நின்று அப்பாவின் பேச்சைப் பார்னபிக்கு இங்கிலீஷில் சொன்னாள். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. தன் அப்பாவின் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

கேட்டு முடித்த ராஜா, "தண்டனை என்று கொடுத்தால் எனக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்" என்றார். "தனியாக ஒருத்தன் சிறு படகில் வந்து நிற்கிறான். படை எங்கே என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை."

தாழம்புதர் ஓரத்தில் மணல்மேட்டில் நெல்லியைப் புதைத்தார்கள். ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுக்கு அழுவது போலவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லாம் முடிந்ததும் பார்னபி அந்த மணலிலேயே பக்கவாட்டில் சாய்ந்தான். கண் மூடியது. அவன் மூச்சு சீரானதும், அந்த வெயில் வேளையிலேயே, சங்குமுனை முழுக்கத் தூங்கியது. கடைக்காரர் தராசடியில் தூங்கினார். காவலாளி சுவரோரம் தூங்கினான். ராஜா மணல்மேட்டிலேயே உட்கார்ந்தபடி தூங்கினார். தொட்டிலை ஆட்டிய தாய் குழந்தைக்கு முன்னால் தூங்கிவிட்டாள்.

விழித்தபோது மந்திரவாதியின் மந்திரம் போயிருந்தது. அவன் தேடவும் இல்லை. காற்று திரும்பியதும் அவனுக்கு மாலுமிகளையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது தையலிடம், "அந்த மேட்டில் ஒரு நெல்லி மரம் வைப்பாயா?" என்று கேட்டான். வைத்தாள்.

ராஜா தையலைச் சபைக்குக் கூப்பிட்டுத் துபாஷி பதவியையும், சரிகைத் தலைப்பாகையையும், மானியமாக ஒரு கிராமத்தையும் கொடுத்தார். அவள் பதவியை வாங்கிக்கொண்டாள். கிராமத்தை, தூக்கமில்லாமல் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு எழுதிவிடச் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாத சொல் வரும், மகாராஜா. வந்தால் தெரியாது என்று சொல்வேன். திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வரைக்கும் நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். சபையில் யாரும் சிரிக்கக் கூடாது."

"பொறுத்திருக்கிறேன்" என்றார் ராஜா. அவர் இருந்த வரைக்கும் பொறுத்திருந்தார்.

ஏகாம்பரம் அதற்குப் பிறகு சபைப் பக்கம் போகவே இல்லை. வேறு ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் எந்தக் கப்பல் தலை காட்டினாலும், அது யாருடையது, எதற்கு வந்தது என்று யாரும் கேட்பதற்கு முன்னால், ஒரு குடம் நல்ல தண்ணீரோடு படகில் புறப்பட்டுப் போவார். துடுப்புப் போட அந்த வயதில் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் படகு சுற்றிச் சுற்றி வரும். கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தகப்பனும் மகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சோறு போடுவாள், சாப்பிடுவார். வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள். ரொம்ப நாள் அப்படியே போயிற்று.

ஒரு நாள் காலையில் கிழக்கே ஒரு பாய் தெரிந்தது. ஏகாம்பரம் கிணற்றடியில் குடத்தை நிரப்பித் தூக்கப் பார்த்தார். முன்போல முடியவில்லை. தண்ணீர் தளும்பியது. தையல் உள்ளேயிருந்து வந்தாள். குடத்தின் மறுபக்கத்தில் கையைக் கொடுத்தாள்.

"பார்த்து வாருங்கள் அப்பா. படிக்கட்டு வழுக்கும்" என்றாள்.

இரண்டு பேருமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கிப் போனார்கள்.